ஃப்ளாஷ் பாயிண்ட் 24, ஷெட்டுக்குள் 41: தின்னர் ஏன் இன்னும் பற்றவில்லை?

கேள்வி, 14 ஏப்ரல் 2024
ஃபர்னிச்சர் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். தகர ஷெட். தின்னர் டின்னில் "ஃப்ளாஷ் பாயிண்ட் 24 டிகிரி" என்று ஒட்டியிருக்கிறார்கள். மதியம் ஷெட்டுக்குள் 41 காட்டுகிறது. 24-லேயே பற்றும் என்றால் பட்டறை என்றைக்கோ சாம்பலாகியிருக்க வேண்டுமே? பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. இந்த எண்ணெல்லாம் சும்மா சட்டத்துக்காகப் போடுவதுதானே?

14 ஏப்ரல் 2024, இரவு 10.15
சும்மா இல்லை. பதினெட்டு வருஷமாக சோதனைக் கூடத்தில் இந்த எண்ணைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃப்ளாஷ் பாயிண்டில் திரவம் தானாகப் பற்றாது. திரவத்துக்கு மேலே ஆவி நிற்கும் அல்லவா, அந்த ஆவி காற்றோடு கலந்து, ஒரு சுடரைக் காட்டினால் பற்றும் அளவுக்குச் சேருகிற மிகக் குறைந்த வெப்பநிலைதான் அது. சுடரோ பொறியோ வெளியிலிருந்து வர வேண்டும். எதுவும் காட்டாமல் சூட்டினாலேயே பற்றுவது வேறு கணக்கு, அதற்கு ஆட்டோ இக்னிஷன் என்று பெயர். தின்னரில் பெரும்பங்கு இருக்கும் டொலுவீனை எடுங்கள். ஃப்ளாஷ் பாயிண்ட் 4 டிகிரி. தானாகப் பற்ற 480 டிகிரி வேண்டும். இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம் பாருங்கள்.

ஆகவே உங்கள் ஷெட்டில் 41 என்பதற்குப் பொருள், காலையிலிருந்து இரவு வரை ஆவி தயாராக நிற்கிறது, தீக்குச்சி மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டு வருஷமாக அந்த ஆவியும் ஒரு பொறியும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். நம் நாட்டுத் தரப்படி அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் 35-க்குக் குறையக் கூடாது. அரிக்கேன் விளக்கை அம்மா தைரியமாக ஏற்றியது அதனால்தான். அதே விளக்கில் தெரியாமல் பெட்ரோல் ஊற்றிய வீடுகளில் என்ன நடந்தது என்று ஊருக்கு ஒரு கதை இருக்கும்.

14 ஏப்ரல் 2024, இரவு 11.02
ஒன்று விட்டுப்போயிற்று. ஃப்ளாஷ் என்றால் ஒரு கணம் பற்றி அணைவது. தொடர்ந்து எரிய ஃபயர் பாயிண்ட் வேண்டும், அது பெரும்பாலும் சில டிகிரி மேலே இருக்கும். 41-ல் இருக்கும் உங்களுக்கு இந்த வித்தியாசம் உதவாது, இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

எல்லாத் திரவத்துக்கும் இரண்டு எண்களும் இப்படித் தள்ளி நிற்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரேயான் ஆலைகளில் புழங்கும் கார்பன் டைசல்ஃபைடு சுமார் 90 டிகிரியிலேயே தானாகப் பற்றும். நீராவி போகும் குழாய் பட்டால் போதும், நெருப்பே வேண்டாம்.

15 ஏப்ரல் 2024, காலை 6.40
"இந்த எண்ணை எப்படித்தான் அளக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது.

தின்னர் மாதிரி லேசான சரக்குக்கு ஏபல் கருவி. சின்னப் பித்தளைக் கிண்ணம், சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி, மேலே இறுக்கமான மூடி. மூடியில் நகரும் தகடு ஒன்று, அதன்மேல் சாய்கிற குட்டி விளக்கு. பக்கத்தில் ஒரு வெள்ளை மணி பதித்திருக்கும். விளக்கின் சுடர் அந்த மணி அளவுக்குத்தான் இருக்க வேண்டும். சுடர் பெரிதானால் அதுவே ஆவியைச் சூடாக்கி எண்ணைக் கெடுத்துவிடும்.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றுவோம். அரை டிகிரிக்கு ஒரு முறை தகட்டை இழுத்துச் சுடரைக் காட்ட வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் "மூணு எண்ணித் திற, நாலுல மூடு" என்பார். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு சுடரைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் தெரியும். புதுப் பையன்கள் அதைப் பார்த்ததும் எழுதிவிடுவார்கள். அது ஃப்ளாஷ் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு டிகிரி போனால் நீலம் கிண்ணம் முழுவதும் ஒரே விரிப்பாகப் படர்ந்து, "பப்" என்று மெல்ல ஒரு சத்தத்தோடு அணையும். சில நேரம் குட்டி விளக்கையும் அணைத்துவிடும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் எண். முதல் தடவை சுடர் காட்டியதுமே பற்றினால் அந்தச் சோதனை செல்லாது. மாதிரியைக் கொட்டிவிட்டு, இன்னும் குளிரவைத்துப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

15 ஏப்ரல் 2024, இரவு 9.30
காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாம் சரியாக நடந்தால் வரும் எண்ணைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். தப்பாக நடந்ததையும் எழுதுவதுதான் நியாயம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், மே மாதம். ஒரு பெயின்ட் கம்பெனியின் தின்னர் மாதிரி வந்தது. பாட்டில் பாதிதான் இருந்தது, மூடியும் சரியாக இறுகவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். வந்து ஐஸ் தண்ணீரில் குளிரவைத்துச் சோதித்தேன். 26 வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஃப்ரிட்ஜில் நாங்கள் எடுத்துவைத்திருந்த இன்னொரு மூடிய பாட்டிலைச் சீனியர் சோதித்தார். 21.

ஐந்து டிகிரி எங்கே போயிற்று? அந்தப் பாட்டிலின் கழுத்து வழியாக, சாப்பாட்டு வேளையில் போய்விட்டது. கலவையில் லேசானது எதுவோ அதுதான் முதலில் பறக்கும். முதலில் பற்றுவதும் அதுதான். அது போன பிறகு மீதியை அளந்தால் பாதுகாப்பான சரக்கு மாதிரித் தெரியும். அந்தக் கம்பெனியின் கிடங்கில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், திருத்திய அறிக்கை போய்ச் சேரும்வரை மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. பாட்டிலைத் திறக்கும் முன்பே குளிரவைக்க வேண்டும் என்ற விதியை அதற்கப்புறம் ஒரு நாளும் நான் மீறியதில்லை.

17 ஏப்ரல் 2024
"21-க்கும் 26-க்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டும்தான் பற்றுமே" என்ற கேள்வி நியாயமானது. வெயிலுக்கு வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டத்தில் 23-க்குக் கீழே பற்றுவது ஏ வகுப்பு. 23 முதல் 65-க்குள் பி. 65 முதல் 93-க்குள் சி. ஏ வகுப்புச் சரக்கை விற்பனைக்கு இல்லாமல் உரிமமின்றி வைத்துக்கொள்ள 30 லிட்டர்தான் அனுமதி. பி வகுப்பு என்றால் 2,500 லிட்டர் வரை. ஒரே ஒரு டிகிரியில் எத்தனை டிரம் மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அது ஏன் 20 இல்லை, 25 இல்லை, 23? நாங்கள் அளக்கும் கருவிக்குப் பெயர் தந்த பிரடெரிக் ஏபல் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதன் பின்னால் இருக்கிறார். கார்டைட் வெடிமருந்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1879-க்கு முன்பு பிரிட்டனில் விளக்கில் எரிக்கும் மண்ணெண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் சோதித்தார்கள், எல்லை 100 ஃபாரன்ஹீட். காற்றடிக்கும் திசைக்கெல்லாம் எண் மாறியது. ஏபல் கிண்ணத்துக்கு மூடி போட்டார். மூடியதும் ஆவி உள்ளேயே தங்கிச் சீக்கிரம் பற்றியது. அதே எண்ணெய்க்கு எண் இறங்கியதால் 1879-இல் சட்டத்தின் எல்லையையும் 73 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கினார்கள். 73 ஃபாரன்ஹீட் என்றால் 22.8 செல்சியஸ். இன்று பார்க்கும் 23 அதுதான்.

எண்ணெய் மாறவில்லை, மூடி போட்டார்கள், 27 ஃபாரன்ஹீட் இறங்கிவிட்டது. எந்தக் கிண்ணத்தில் அளந்தது என்று சொல்லாத ஃப்ளாஷ் பாயிண்டை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். உங்கள் லேபிளில் கிண்ணத்தின் பெயர் இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

18 ஏப்ரல் 2024
கிண்ணத்தோடு ஊரும் சேரும். காற்றழுத்தம் குறைந்தால் ஆவி சுலபமாகக் கிளம்பும். அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் குறைந்தால் கால் டிகிரி கூட்டித் திருத்துவோம். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். ஒரே பாட்டிலை அங்கே அளந்தால் சென்னையைவிட இரண்டரை டிகிரி போலக் குறைவாக வரும். திருத்தத்தைப் போட மறந்தால் பி வகுப்பு ஏ ஆகிவிடும்.

20 ஏப்ரல் 2024, மதியம்
ஒரு திருத்தம். முதல் நாள் "காலையிலிருந்து இரவு வரை ஆவி தயாராக நிற்கிறது" என்று எழுதினேன். திறந்த ஷெட்டுக்கு அது சரி. மூடிய டிரம்முக்குள் கதை வேறு.

ஆவி குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. டொலுவீனுக்குக் காற்றில் 1.1 முதல் 7.1 சதவீதம் வரைதான் பற்றும். 4 டிகிரியில் டிரம்முக்குள் தானாகச் சேரும் ஆவியைக் கணக்கிட்டால் 1.1 சதவீதத்தை ஒட்டி வரும். அதனால்தான் அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் 4. 30 டிகிரியில் 4.8 சதவீதம், நட்டநடு எல்லை. 38-ஐத் தொடும்போது 7.1.

பெட்ரோல் டாங்க் வேறு மாதிரி. நம் ஊர் வெயிலில் உள்ளே ஆவி நெருக்கிக்கொண்டு நிற்கும், காற்றுக்கு இடமே இருக்காது, மேல் எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். பெட்ரோலைவிட டொலுவீன் சாது என்று நினைக்கிறோம். மூடிய டிரம்முக்குள் பார்த்தால் 30 டிகிரியில் டொலுவீன் டிரம்தான் வெடிக்கும் எல்லைக்குள் உட்கார்ந்திருக்கிறது. உச்சி வெயிலில் மேல் எல்லையைத் தாண்டி, சாயங்காலம் குளிரும்போது மறுபடி உள்ளே இறங்கும். வெயில் தாழ்ந்த பிறகு டிரம்மைத் திறந்தால் பத்திரம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

21 ஏப்ரல் 2024
சீக்கிரம் காய அசிட்டோன் சேர்ப்பீர்களா? அப்படியானால் லேபிளில் இருக்கும் எண் டின்னைத் திறக்கும்வரைதான். அசிட்டோனின் ஃப்ளாஷ் பாயிண்ட் மைனஸ் 20. கலவையில் எண் சராசரியாக வராது. லேசானது கொஞ்சமே இருந்தாலும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சைலீன் 27, அசிட்டோன் மைனஸ் 20, பாதிக்குப் பாதி கலந்தால் 3 அல்லது 4 வரும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள், அசிட்டோன் பக்கமே போய் நிற்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றம் பழைய பெயின்ட் உரிக்கும் ரிமூவரில் இருக்கிறது. அதில் போடும் மெத்திலீன் குளோரைடுக்கு ஃப்ளாஷ் பாயிண்டே கிடையாது. எந்தக் கிண்ணத்தில் வைத்தாலும் பற்றாது. ஆனால் ஆவி சுமார் 13 சதவீதத்துக்கு மேல் சேர்ந்து வலுவான பொறி கிடைத்தால் எரியும். மெத்தனாலோ டொலுவீனோ கலந்த ரிமூவர் என்றால் புதிதாக இருக்கும்போது சோதனையில் தேறிவிடும். மெத்திலீன் குளோரைடு 40 டிகிரியிலேயே கொதிப்பது, உங்கள் ஷெட்டில் திறந்து வைத்தால் முதலில் அது பறந்துவிடும், மிச்சம் பற்றும். என் ஜன்னலோரப் பாட்டிலில் லேசானது பறந்து எண் ஏறியது, இங்கே பறக்கப் பறக்க இறங்கும்.

23 ஏப்ரல் 2024
காலி டிரம்மை வெட்டலாமா, தண்ணீர் பிடிக்க வைக்கலாமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த தொழிற்பேட்டையில், எங்கள் கேட்டுக்கு எதிரே ஒரு வெல்டிங் பட்டறை. அங்கிருந்த பையன் மதியம் எங்களோடு டீ குடிக்க வருவான். யாரோ காலி டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டித் தரச் சொல்லி இறக்கிவிட்டுப் போனார்கள். கவிழ்த்துப் பார்த்திருக்கிறான், ஒரு சொட்டும் வரவில்லை. கட்டிங் டார்ச்சை வைத்தான். டிரம்மின் அடித்தகடு அவனைத் தாண்டிச் சுவரில் போய் அடித்தது. பிழைத்தான். வலது கண் போயிற்று.

200 லிட்டர் டிரம்மில் டொலுவீன் ஆவி 1.1 சதவீதம் என்றால் 2.2 லிட்டர் ஆவி. அதற்கு எவ்வளவு திரவம் வேண்டும்? சுமார் 10 மில்லி. இரண்டு டீஸ்பூன். டிரம்மின் மடிப்பு விளிம்புக்குள் அதைவிட அதிகமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு, காலி டிரம்மில் டிரம் முழுக்க இடம்.

வெட்டவே வெட்டாதீர்கள். தண்ணீர் பிடிக்கவும் வைக்காதீர்கள். பழைய டிரம்மை எடுப்பவரிடம் மூடியை இறுக்கி, உள்ளே என்ன இருந்தது என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

24 ஏப்ரல் 2024
டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் கேனுக்குப் புனல் வைத்துத் துணியில் வடிகட்டி ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். துணி வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். டொலுவீனில் மின்சாரம் ஓடாது. ஓடும்போது உரசிச் சேரும் மின்னேற்றம் போக வழியில்லாமல் திரவத்திலேயே தங்கும். வடிகட்டினால் பல மடங்காகும். டொலுவீன் ஆவி பற்ற கால் மில்லிஜூலுக்கும் குறைவான பொறி போதும். கதவுக் கைப்பிடியைத் தொட்டு நமக்குச் சுரீர் என்றால் ஒரு மில்லிஜூல் அளவு இருக்கும். நாம் உணரவே முடியாத பொறியில் அது பற்றிவிடும்.

"எங்கள் ஊரில் காற்று ஈரமானது, ஸ்டாட்டிக் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரம் துணி, மரம், தரை ஆகியவற்றுக்கு உதவும். திரவத்துக்குள் இருக்கும் மின்னேற்றத்தை அது தொடாது. தகரக் கேன், டிரம்முக்கும் கேனுக்கும் செம்புக் கம்பி கிளிப், டிரம்முக்கு எர்த். பெயின்ட் உரிந்த வெறும் தகரத்தில் கிளிப் கடிக்க வேண்டும்.

27 ஏப்ரல் 2024
வாசனை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு டொலுவீன் இருந்தாலே மூக்கு சொல்லிவிடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 100 பங்கு என்று வைத்திருந்தார்கள். பற்றத் தொடங்குவது 11,000 பங்கில். வாசனையிலிருந்து ஆபத்து அத்தனை தூரம். நடுவில் தலைவலி வரும், பிறகு மூக்கு பழகிவிடும், வாசனையே தெரியாமல் போகும். உங்கள் பையன்கள் மத்தியானத்துக்கு மேல் மந்தமாக இருந்தால் அது சோம்பல் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கூரைக்குக் கீழே இருப்பதாகச் சொன்னீர்கள். டொலுவீன் ஆவி காற்றைவிட 3 மடங்கு கனம். சிந்தினால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்கட்டும், மோட்டார் உள்ளே பற்றினாலும் தீ வெளியே வராத ஃப்ளேம்ப்ரூஃப் வகையாக இருக்கட்டும். சாதா மோட்டாரைக் கீழே இறக்கி வைத்தால் பொறியை ஆவியிடம் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

2 மே 2024
உங்கள் தின்னரைச் சோதிக்க எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலை பஸ் பார்சலில் போட வேண்டாம். பயணிகள் பஸ்ஸில் அதற்கு இடமே இல்லை. டீலரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், சோதனை முறையின் பெயரோடு.

6 மே 2024, இரவு
அறிக்கையின் படம் பார்த்தேன். "24 டிகிரி, கிளீவ்லேண்ட் ஓபன் கப்."

கிளீவ்லேண்ட் திறந்த கிண்ணம் இயந்திரங்களுக்குப் போடும் லூப் ஆயில், தார் போன்ற கனமான சரக்குக்கானது. 79 டிகிரிக்கு மேல் பற்றுவதற்குத்தான் அந்த முறையே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷில் கலக்கும் தின்னர்) அதில் ஊற்றினால் கிண்ணம் சூடாகும் முன்பே லேசானது பறந்துவிடும். இந்த 24 எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் எல்லையான 23-க்கு ஒரே ஒரு டிகிரி மேலே வந்து நிற்கிறது. டொலுவீனும் எத்தில் அசிடேட்டும் உள்ள தின்னர் என்று அதே தாளில் எழுதியிருக்கிறார்கள். எத்தில் அசிடேட் மைனஸ் 4-லேயே பற்றும். ஏ வகுப்பு என்று வைத்துக்கொண்டு ஷெட்டில் 30 லிட்டருக்குள் நிறுத்துங்கள். டீலர் கோபித்தால் கோபிக்கட்டும்.

12 மே 2024
இன்று உங்கள் பட்டறைக்கு வந்ததை இங்கே எழுத அனுமதித்ததற்கு நன்றி. டிரம்கள் வெளியே போய்விட்டன, எர்த் கம்பி இருக்கிறது. நல்லது. ஆனால் என் கண் நின்ற இடம் வேறு.

மூலையில், பெஞ்சுக்கு அடியில், அட்டைப்பெட்டி நிறைய காட்டன் வேஸ்ட். தேக்குக் கதவுக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், தேய்த்துவிட்டு அதில் போட்டு அமுக்குகிறார்கள். கையை உள்ளே விட்டேன். வெளியே இருந்ததைவிட உள்ளே சூடாக இருந்தது. நீங்களும் விட்டுப் பார்த்தீர்கள், உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன்.

24-லேயே தானாகப் பற்றியிருக்க வேண்டுமே என்றுதானே முதல் நாள் கேட்டீர்கள்? தானாகவே பற்றக்கூடியது உங்கள் ஷெட்டில் அது ஒன்றுதான். ஆளி விதை எண்ணெயின் ஃப்ளாஷ் பாயிண்ட் 200-க்கும் மேலே, எந்தக் கிண்ணத்தில் வைத்தாலும் சாது. ஆனால் அது காய்வது தண்ணீர் காய்வது போல் இல்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக் கெட்டியாகிறது, அப்போது சூடு வெளிவருகிறது. கதவில் மெல்லிய பூச்சாக இருந்தால் சூடு பறந்துவிடும். பஞ்சில் ஊறி அமுங்கிக் கிடந்தால் எங்கும் போக முடியாமல் ஏறிக்கொண்டே போகும். ராத்திரி பூட்டிவிட்டுப் போன பட்டறைகள் விடிகாலையில் எரிவது இப்படியும்தான்.

இதற்குத் தனிச் சோதனை உண்டு, மேக்கி என்று பெயர். 7 கிராம் பஞ்சில் 14 கிராம் எண்ணெயை ஊறவைத்து, கொதிநீர் உறை போட்ட பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 100-ஐத் தாண்டினால் ஆபத்தான எண்ணெய். என்னிடம் ஃப்ளாஷ் பாயிண்டுக்கு வரும் பாட்டில்களோடு ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

அந்தப் பெட்டியைத் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தோம். இனி வேஸ்டை மூடியுள்ள தகர வாளியில் தண்ணீருக்குள் போடுங்கள், அல்லது கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள். இன்று ராத்திரி பூட்டும் முன் பெஞ்சுக்கு அடியில் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், நான் விழித்திருக்கிறேன்.